தாய்மாமன் கையிருப்பு: இரண்டு நாள்

மார்ச் 9, திங்கட்கிழமை
தேர்வுக்கூடம், கடைசி ஜன்னல்

பேரன்புக்கும் பெருங்கோபத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பொண்டாட்டியும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம். அந்த அளவில் சௌக்கியம். அங்கே நீயும் மாமாவும் கல்யாணப் பெண்ணும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது முறை. கேட்டால் பதில் சொல்ல நீ போனை எடுக்க வேண்டுமே. போன வியாழக்கிழமை, "நீ வராட்டியும் பரவாயில்லடா, உன் வசதியப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தாய். நாற்பத்தாறு வருஷமாக உன்னைத் தெரிந்தவன் நான். நீ திட்டினால் சோறு உண்டு. நீ 'பரவாயில்ல' என்றால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அதற்குப் பிறகு பதினொரு தடவை கூப்பிட்டேன். மாமா மூன்று தடவை எடுத்தார், மூன்று தடவையும் "அவ குளிச்சிட்டிருக்கா" என்றார். காலை எட்டு மணிக்கும் குளியல், மத்தியானம் இரண்டு மணிக்கும் குளியல், சாயங்காலம் ஏழு மணிக்கும் குளியல். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், அவருக்கு இன்னும் இரண்டு பொய்யாவது நீ சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

அதனால்தான் இந்தக் கடிதம். தாளின் இடது பக்கம் 'இந்த ஓரத்தில் எழுதாதே' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துக் குழம்பாதே, இது விடைத்தாள். ஏழாம் வகுப்புக்குக் கணக்குத் தேர்வு நடக்கிறது, நான் கண்காணிப்பு. கண்காணிப்பு என்பது எங்கள் பள்ளியில் ஒரு தனித் தண்டனை. போன் வைத்திருக்கக் கூடாது, கம்ப்யூட்டர் திறக்கக் கூடாது, புத்தகம் படிக்கக் கூடாது, உட்காரக் கூடாது, ஷூ சத்தம் கேட்கக் கூடாது. இரண்டு மணி நேரம் ரப்பர் செருப்புப் போட்ட பேய் மாதிரி மேஜைகளுக்கு நடுவே உலாத்த வேண்டியது. கடிதம் எழுதக் கூடாது என்று மட்டும் விதியில் போட மறந்துவிட்டார்கள். அதனால் ஜன்னல் திட்டில் தாளை வைத்து நாலு வரி எழுதுகிறேன், ஒரு சுற்று சுற்றுகிறேன், திரும்பி வந்து அடுத்த நாலு வரி. எழுத்து அங்கங்கே சாய்ந்திருந்தால் எனக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது என்று மாமாவைக் கலங்கவைக்காதே. நடுக்கம் மனசில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் கல்யாணம் இருபத்தாறாம் தேதி. தாய்மாமன்காரன் பத்து நாள் முன்னாலேயே வந்து நிற்க வேண்டும் என்றாய். நியாயம். என் கையில் இருப்பது இரண்டு நாள் என்றேன். "ரெண்டு நாள்தான் லீவு குடுத்தாங்களா" என்றாய். அங்கேதான் பேச்சு தடம் மாறியது. அது லீவு இல்லை அக்கா, அது வரி நாள். வெளிநாட்டில் வேலை பார்க்கிற என் மேல் நம் ஊர் வரிச் சட்டத்துக்கு எப்போதும் ஒரு கண். ஏப்ரல் ஒன்றிலிருந்து மார்ச் முப்பத்தொன்று வரை ஒரு வரி வருஷம். அந்த ஒரு வருஷத்தில் நான் ஊரில் நூற்றிருபது நாள் இருந்துவிட்டால் நான் ஊர்க்காரன், உலகத்தில் எந்த மூலையில் சம்பாதித்தாலும் ஊரில் வரி கட்ட வேண்டும். நூற்றுப் பத்தொன்பது நாளோடு நிறுத்திக்கொண்டால் வெளியூர்க்காரன், ஒரு காசு கட்ட வேண்டாம். ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் நான் உன் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்கினாலும் சரி, கொட்டாவி விட்டாலும் சரி, ஒரு வருஷச் சம்பளத்துக்கும் வரி. இந்த வருஷம் இதுவரைக்கும் நூற்றுப் பதினேழு நாள் செலவாகிவிட்டது. மிச்சம் இரண்டு.

சம்பளம் என்றதும் நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். மாமா போன தடவை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், "அவனுக்கென்ன, வரியில்லாச் சம்பளம், வீட்டு வாடகை பள்ளிக்கூடம் குடுக்குது, விமான டிக்கெட் பள்ளிக்கூடம் குடுக்குது" என்று. அதில் பொய் இல்லை. கேட்பதற்கு எனக்கே என் மேல் பொறாமையாக இருந்தது. வாடகைப் படி வருகிறது, ஆனால் வீட்டுக்காரருக்கு நாலு மாத முன்பணம் நாங்கள்தான் வைக்க வேண்டும். விமான டிக்கெட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு தொகை தருகிறார்கள், ஆனால் எங்கள் பள்ளிக்கு விடுமுறை விடுகிற அன்றைக்குத்தான் உலகத்தில் இருக்கிற எல்லாப் பள்ளிக்கும் விடுமுறை விடுகிறார்கள், அன்றைக்கு விற்கிற விலைக்கு அந்தத் தொகை பாதி தூரம்தான் வரும், மீதிக்கு நான் நடுவானத்தில் இறங்கி நடக்க முடியுமா. உன் தம்பி பொண்டாட்டி அதே பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறாள், நான் வகுப்பு தொடங்குவதற்கு அரைமணி முன்னால் நூலகத்தைத் திறக்கிறாள், நான் முடித்து அரைமணி கழித்து மூடுகிறாள். ஆனால் என்னை ஊரிலிருந்து வரவழைத்தார்கள், அவளை இங்கே வந்தபிறகு எடுத்தார்கள், அதனால் அவளுக்கு உள்ளூர் ஒப்பந்தம், சம்பளம் எனக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே கட்டடம், கையெழுத்துப் போட்ட இடம் மட்டும் வேறு. அதைப் பற்றி அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. சம்பளம் வருகிற அன்றைக்கு என் முன்னால் தட்டை வைக்கிற சத்தத்தில் சொல்லிவிடுவாள்.

ஒரு நிமிஷம் இரு, ஒரு பெண் கூடுதல் தாள் கேட்டுக் கை தூக்குகிறாள்.

கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது அவள் விடைத்தாளை எட்டிப் பார்த்தேன், பார்க்கக் கூடாது, பார்த்துவிட்டேன். ஐந்தாம் கேள்வி. நூற்றிருபது மீட்டர் வேலி, பத்து மீட்டருக்கு ஒரு கம்பம், மொத்தம் எத்தனை கம்பம். பன்னிரண்டு என்று போட்டிருக்கிறாள். பாதி வகுப்பு பன்னிரண்டு என்றுதான் போட்டிருக்கிறது. பன்னிரண்டு என்பது நடுவில் இருக்கிற இடைவெளி, கம்பம் பதிமூன்று, முதல் கம்பத்தையும் எண்ணு, கடைசிக் கம்பத்தையும் எண்ணு என்று வருஷா வருஷம் தொண்டை வற்றக் கத்துகிறேன். இந்தப் பிள்ளைகள் நாளைக்கு எப்படிப் பிழைக்கப் போகிறார்களோ தெரியவில்லை.

சேமிப்பைப் பற்றி நீ கேட்பாய். பதினொரு வருஷம் வெளியில் இருந்தவன் கையில் நாலு காசு இல்லாமலா போகும் என்பாய். எங்கள் பூகோள வாத்தியாருக்கு ஆசிரியர் அறையில் 'சேமிப்பு' என்றுதான் பெயர். ஒரே தேயிலைப் பையில் காலையில் ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ போடுகிறவர். யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்பது. அவர்தான் ஒருநாள் பளபளவென்று ஷூ போட்ட ஒருத்தரை ஆசிரியர் அறைக்குக் கூட்டிவந்தார். வந்தவர் ஒரு பெரிய கேக் கொண்டுவந்தார். கேக் சும்மா கிடைக்கிறது என்றால் வாத்தியார்கள் மணி அடிப்பதற்கு முன்னாலேயே வகுப்பை விட்டுவிடுவார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன், சாப்பிட்ட கையோடு இருபது வருஷ சேமிப்புத் திட்டம் ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். மாதாமாதம் கட்ட வேண்டும். முதல் பதினெட்டு மாதம் கட்டுவது அவர்களுடைய ஆரம்பச் செலவுக்கு என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் அதைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தது பத்தொன்பதாவது மாதம். அந்த இரண்டு துண்டு கேக் என்ன விலை என்று சொல்லமாட்டேன், நீ திரும்பவும் குளிக்கப் போய்விடுவாய்.

மணி அடித்துவிட்டது. தாள்களை அடுக்கி எண்ணிக் கொடுத்துவிட்டு இப்போது ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தும் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, எதிர் மேஜைக்காரர் இரண்டு தடவை மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டார்.

இப்போது உன்னிடம் ஒரு ரகசியம் சொல்லப்போகிறேன், நம் வாலுவிடம் மூச்சு விடாதே. கல்யாணப் பெண்ணை இன்னும் வாலு என்று கூப்பிடலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டால், தாய்மாமனுக்கு அனுமதி உண்டு என்று சொல். அவள் பல் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டாள், கல்யாணத்துக்குப் பிறகு சொந்தமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைக்கப்போகிறாள். அதற்கு நோயாளி சாய்ந்து படுக்கிற நாற்காலி வேண்டும். ஏழு வயதில் என்னைத் தரையில் படுக்க வைத்து, வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "மூணு பல்லு சொத்தை, நாளைக்கு வாங்க" என்று சொன்னவள் அவள். நீ டாக்டராகு, நாற்காலி என் செலவு என்று அன்றைக்கே சொன்னேன். அவள் மறந்திருப்பாள். எனக்கு மறக்கவில்லை. நம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருப்பது அந்த ஒரே பிள்ளை, வேறு யாருக்குச் செய்யப்போகிறேன். நாற்காலியைப் போய்ப் பார்த்தே வந்துவிட்டேன். மேலே விளக்கு, பக்கத்தில் வாய் கொப்பளிக்கத் தொட்டி, காலால் அழுத்தினால் ஏறுகிறது, இறங்குகிறது. கடைக்காரர் விடாமல் என்னை அதில் படுக்கவைத்து ஏற்றி இறக்கிக் காட்டினார், பல் வலியே இல்லாதவனுக்கும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

அந்த நாற்காலியின் விலையும், நான் ஊர்க்காரனாகிவிட்டால் கட்ட வேண்டிய வரியும் கிட்டத்தட்ட ஒரே தொகை. புரிகிறதா அக்கா. பத்து நாள் வந்து கல்யாண வீட்டில் நின்றால் நாற்காலி போச்சு. நாற்காலி வர வேண்டுமானால் நான் இரண்டே நாளில் கிளம்ப வேண்டும். மூன்று மாதமாக இது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வகுப்பில் 'எக்ஸைக் கண்டுபிடி' என்று எழுதிவிட்டு, எக்ஸ் வருமா நாற்காலி வருமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன். இதைப் போனில் சொல்லியிருந்தால், நாற்காலியும் வேண்டாம் மேஜையும் வேண்டாம் நீ வந்து சேர் என்பாய், அப்புறம் நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது. அதனால் சொல்லாமல் மென்று முழுங்கினேன், நீ என்னைக் கஞ்சன் என்று முடிவு கட்டிவிட்டாய்.

இத்தனை நாள் எப்படிச் செலவானது என்று நீ கேட்கலாம். எல்லாம் உன் வீட்டில்தான் செலவானது. கோடை விடுமுறைக்கு ஜூன் பன்னிரண்டு வந்தேன், ஆகஸ்ட் பன்னிரண்டு கிளம்பினேன், கழித்தால் அறுபத்தொரு நாள். இங்கே திரும்பி வந்து மூன்று வாரத்தில் எங்கள் பள்ளி அலுவலகத்தார் என் வேலை அனுமதியைப் புதுப்பிக்க மறந்துவிட்டது தெரிந்து, அனுமதி வரும்வரை வெளியே போய் இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள், செப்டம்பர் மூன்று முதல் அக்டோபர் பதினொன்று, முப்பத்தெட்டு நாள். உன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பாடம் நடத்தினேனே, உன் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் இங்கே பிள்ளைகள் வகுப்பு முடிந்துவிட்டது என்று எழுந்து போனார்களே, அது. பிறகு குளிர்கால விடுமுறை, டிசம்பர் பதினெட்டு முதல் ஜனவரி ஐந்து, பதினெட்டு நாள். கிளம்பிய அன்றைக்கு நீ தெருமுனை வரைக்கும் வந்து, இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போயேன் என்றாய். நான்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு டாக்ஸியில் ஏறினேன். அன்றைக்கு ஏறியிருக்காவிட்டால் இன்றைக்கு என் கையில் இரண்டு நாள் இருந்திருக்குமா, நீயே சொல்.

என் எண்ணிக்கையில் சந்தேகப்படாதே. கணக்கு வாத்தியார் வேலையே அதுதான். உன் எண்ணிக்கைதான் எனக்குத் தெரியுமே. நாம் சின்ன வயதில் குடியிருந்த மாடி வீட்டுக்குப் படி பதினாறு. நீ பதினேழு என்று சாதிப்பாய். எப்படி என்றால், "கீழ தரையில நிக்கிறமே, அத எண்ண மாட்டியா" என்பாய். தரை எப்படியக்கா படியாகும். நான் ஒத்துக்கொள்ளாததற்கு இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாய், அன்றைக்கும் 'பரவாயில்ல' என்றுதான் சொன்னாய்.

இரண்டு நாளை நீட்டுவதற்கு நான் வழி தேடாமல் இல்லை. கல்யாணத்தை ஏப்ரல் ஒன்றுக்குத் தள்ளி வையுங்கள், அன்றைக்குப் புது வரி வருஷம் பிறக்கிறது, கையில் முழுசாக நூற்றுப் பத்தொன்பது நாள் இருக்கும், ஒரு மாதம் தங்குகிறேன் என்றேன். "ஏப்ரல் ஒண்ணாந்தேதி கல்யாணம்னு பத்திரிகை அடிச்சா ஒருத்தன் நம்பி வருவானாடா" என்றாய். சரி, வீடியோவில் வருகிறேன், முதல் வரிசையில் ஒரு நாற்காலி போட்டுக் கம்ப்யூட்டரை வையுங்கள் என்றேன். முன்னால் ஒரு விளக்கும் ஏற்றி வைத்துவிடவா என்று கேட்டாய். அதற்கு அடுத்ததுதான் 'பரவாயில்ல'.

லீவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளி முதல்வரம்மா நல்லவர், ஆனால் அவர் பாஷையில் தாய்மாமனுக்குச் சொல் கிடையாது. அங்கிள் என்று ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாழ்க்கையை ஓட்டிவிடுகிறார்கள். அப்பாவின் அண்ணனும் அங்கிள், அத்தை புருஷனும் அங்கிள், நானும் அங்கிள். பெண்ணுக்கு மொத்தம் எத்தனை அங்கிள் என்று கேட்டார். மாமா பக்கத்தையும் சேர்த்து ஐந்து என்றேன். அப்படியானால் மற்ற நாலு பேர் போதாதா என்றார். நான் எழுந்து அவர் அறை வெள்ளைப்பலகையில் படம் போட்டேன். உனக்கு ஒரு வட்டம், எனக்கு ஒரு வட்டம், வாலுவுக்குக் கீழே ஒரு சின்ன வட்டம். மாமாவுக்குச் சதுரம் போட்டேன், வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் விடுப்புப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தோர் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் 'இதர' என்று ஒரு கட்டம். அதில் டிக் போட்டால் எத்தனை நாள் வேண்டுமானாலும் போகலாம், சம்பளம் மட்டும் கிடையாது. அக்கா, உன் மகளுக்கு நான் இதர. பேனாவைத் திறந்தேன், கை எழவில்லை. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன், இன்னும் பையில்தான் இருக்கிறது.

இதைப் பஸ்ஸில் எழுதுகிறேன். பக்கத்தில் உன் தம்பி பொண்டாட்டி நூலகத்துக்கு வந்த கிழிந்த புத்தகம் ஒன்றை மடியில் வைத்து ஒட்டிக்கொண்டு வருகிறாள். நான் எழுதுவதைக் கடைக்கண்ணால் பார்க்கிறாள். வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் நான் ஒட்டிவைத்திருக்கிற காலண்டரில் நான் ஊரில் இருந்த நாளுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். போன வாரம் அவள் பால் எடுக்கப் போனவள் அதன் முன்னால் நின்று, "கல்யாணத்துல நீங்க பொண்ணப் பாப்பீங்களா, கடிகாரத்தப் பாப்பீங்களா" என்று கேட்டாள். நான் குளிர்பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். எதற்குத் திறந்தேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு வர ஆசையில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் வீட்டில் சாமான் எங்கே இறங்குகிறது, யார் எங்கே படுக்கிறார்கள், வாலு யாரோடு சண்டை போடுகிறாள் என்று இங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஆக, முடிவான ஏற்பாடு இது. இருபத்தாறாம் தேதி பிறந்து இருபத்தைந்து நிமிஷத்தில் இறங்குகிற விமானம் ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தையது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது இறங்குகிறது, அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஒரு நாள் கழிந்துவிடும், வேண்டாம். விமானம் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிற பிரயாணி அதில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். நேரே கல்யாணத்துக்கு வருகிறேன், எங்கே நிற்கச் சொல்கிறாயோ அங்கே நிற்கிறேன், இருபத்தெட்டு காலையில் கிளம்பிவிடுகிறேன். இருபத்தெட்டில் இருபத்தாறு போனால் இரண்டு. பெட்டியைப் பிரிக்கமாட்டேன். பத்து நாள் வேலையை இரண்டு நாளில் செய்துவிடுகிறேன், எதைச் செய்ய வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு வை. மிச்சம் இரண்டு நாள்தான் என்பதை எழுத்தில் உறுதி செய்யச் சொல்லி நம் ஊர் ஆடிட்டருக்குப் பாஸ்போர்ட்டின் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. அவர் எதற்கும் 'பார்த்துச் சொல்கிறேன்' என்பார். இரண்டு நாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, இருந்தாலும் ஒரு ஆதாரத்துக்கு இருக்கட்டும்.

மாமாவுக்கு என் வணக்கம், சதுரத்துக்கு மன்னிப்பு. வாலுவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி முழுசாக, அதற்கு நாள் கணக்கும் கிடையாது, பிடித்தமும் கிடையாது. உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, போனை எடு, அது போதும்.

இப்படிக்கு,
இரண்டு நாளுக்கு மட்டும் உன் அருகில் நிற்கப்போகும்,
தம்பி

பின்குறிப்பு: மேலே இருக்கிற எதையும் நம்பாதே. வீட்டுக்கு வந்து கவர் எடுக்க மேஜை இழுப்பறையைத் திறந்த நேரத்தில் ஆடிட்டர் பதில் போனில் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்: "வந்த நாளும் நாள், கிளம்பிய நாளும் நாள். அறுபத்திரண்டு, முப்பத்தொன்பது, பத்தொன்பது. மொத்தம் நூற்றிருபது. ஜனவரி ஐந்தாம் தேதியே நீங்கள் ஊர்க்காரர். வரித் தொகை தனியே அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு வாழ்த்துகள்." மூன்று தடவை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நூற்றிருபதுதான். ஏழாம் வகுப்பு, ஐந்தாம் கேள்வி. கணக்கு வாத்தியார் மூன்று வேலிக்கும் இடைவெளியை எண்ணியிருக்கிறேன், கம்பத்தை எண்ணவில்லை. அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஜனவரி ஐந்தாம் தேதி தெருமுனையில் நீ இன்னும் ஒரு நாள் இரு என்று கேட்டபோது நான் ஏற்கெனவே ஊர்க்காரன், அக்கா. இருந்திருக்கலாம். வரிகூடப் போகட்டும், அதுதான் தாங்கவில்லை.

உன் தம்பி பொண்டாட்டி ஆடிட்டர் எழுதியதைப் படித்தாள். சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேருக்கும் டிக்கெட், வருகிற சனிக்கிழமை, பதினாலாம் தேதி. போன மாதமே அவள் சம்பளத்தில் வாங்கிவிட்டாளாம், அந்த மூன்றில் ஒரு பங்கில். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "உங்க அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்க கணக்குப் போட்டுட்டே இருப்பீங்கன்னு தெரியும். அதான் நான் டிக்கெட் போட்டுட்டேன்" என்றாள். பையிலிருந்த படிவத்தை எடுத்தேன். 'இதர'வுக்குக் கீழே அளவுகோல் வைத்து ஒரு கட்டம் போட்டு, நம் எழுத்திலேயே 'தாய்மாமன்' என்று எழுதி, அதில் டிக் போட்டேன். சம்பளமில்லா விடுப்பு, இருபது நாள். சம்பளமே வராத நாளுக்கு யாரும் வரி கேட்க முடியாது, மாமா சொன்ன வரியில்லாச் சம்பளம் கடைசியில் இதுதான். நாற்காலி விஷயத்தை வாலுவிடம் நீயே சொல்லிவிடு. கேக் திட்டத்தை உடைத்தால் வருகிற பணத்தில் நாற்காலிக்கு ஒரு கால் வாங்கலாம், மிச்ச மூன்று காலும் மாதத் தவணையில் வரும், அதுவரைக்கும் என்னைத் தரையில் படுக்கவைத்தே பார்க்கட்டும்.

தபாலில் போட்டால் இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும், அதனால் நானே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கிறேன், தபால் செலவு மிச்சம். கதவைத் திறக்கும்போது நீ இதைப் படித்திருக்க மாட்டாய், 'பரவாயில்ல' முகத்தோடுதான் நிற்பாய். வேண்டியமட்டும் திட்டிவிட்டு உட்கார்ந்து நிதானமாகப் படி.

நம் பழைய வீட்டுப் படி பதினேழுதான், அக்கா.